மைட்டோகாண்ட்ரியாவைத் தின்று முடிக்கும் செல்: ஒரு சிறு வரலாறு

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கப்பாவின் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்தது. இரண்டு பக்கம். அதில் எனக்குப் புரிந்தது அவர் பெயரும் வயசும் மட்டும்தான். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: ரிங் சிடரோபிளாஸ்ட்கள் அதிக அளவில் காணப்படுகின்றன.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அவருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவே இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். முதலில் பார்த்த டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா தன் பங்குக்கு முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுவரொட்டி என்று ஆக்கிப் போட்டார். எண் நகரவில்லை. "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன் போல" என்று அம்மா அடிக்கடி சொல்வார். அந்த வார்த்தைக்கு யாரிடமும் பதில் இல்லை.

மஜ்ஜை ரிப்போர்ட் வந்த பிறகுதான் விஷயம் தலைகீழ் என்று தெரிந்தது. அப்பாவின் உடம்பில் இரும்பு குறையவே இல்லை. தேவைக்கு மேலேயே இருந்தது. ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், மஜ்ஜையில் உருவாகும் ரத்த செல்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அடைந்து கிடந்தது.

நான் பி.இ. படித்தவன். பிழைப்பு சாஃப்ட்வேர். ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்பதால் உயிரியல் எனக்குப் பத்தாவதோடு சரி. மைட்டோகாண்ட்ரியா என்றால் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்ற ஒரு வரி மட்டும் மனப்பாடம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, நான் கேட்ட கேள்வியைவிட சுவாரசியமான இன்னொரு கேள்வி கிடைத்தது. நம் உடம்பில் ஓடும் முதிர்ந்த சிவப்பணு எதிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்காது. ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்படியானால் இருந்ததெல்லாம் எங்கே போகிறது? இதைக் கண்டுபிடிக்க அறிவியலுக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

சென்ட்ரிங் பிரிக்கும் கணக்கு

முதலில் கொஞ்சம் அடிப்படை. ஒரு மனிதனுக்கு சுமார் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள். ஒவ்வொன்றின் ஆயுளும் சுமார் 120 நாள். வகுத்துப் பாருங்கள்: ஒரு நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் புதிதாக உருவாக வேண்டும். இந்த வரியைப் படிக்கும் நேரத்துக்குள் உங்கள் மஜ்ஜை ஒரு கோடியைத் தாண்டியிருக்கும்.

ரத்தம் மஜ்ஜையில்தான் உருவாகிறது என்பதை 1868இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் எர்ன்ஸ்ட் நாய்மன் சொன்னார். இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராட்தான் அந்த ஊர். அதே ஆண்டு இத்தாலியில் பிட்ஸோஸெரோவும் அதையே சொன்னார். எலும்புக்குள் இருக்கும் கொழகொழப்பான சமாச்சாரத்திலா ரத்தம் பிறக்கிறது என்று அன்று பலரும் நம்பவில்லை.

மஜ்ஜையில் ஒரு சிவப்பணு உருவாகும்போது அது மற்ற செல்களைப் போலத்தான் இருக்கும். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் எல்லாம் உண்டு. ஹீமோகுளோபின் நிறைய நிறைய, உட்கருவை வெளியே தள்ளிவிடும். தள்ளிய உட்கருவைப் பக்கத்தில் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல் விழுங்கிவிடும். இப்போது இதன் பெயர் ரெடிகுலோசைட். சாயம் போட்டுப் பார்த்தால் மிச்சம் இருக்கும் ரைபோசோம்கள் வலை மாதிரி தெரிவதால் வந்த பெயர். அடுத்த இரண்டு மூன்று நாளில் அந்த வலையும் போய், மைட்டோகாண்ட்ரியாவும் போய், சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைத்த ஒரு பையாக மட்டும் மிஞ்சும். அதுதான் சிவப்பணு.

மைட்டோகாண்ட்ரியா ஏன் போக வேண்டும்? மூன்று காரணம் சொல்லலாம். ஒன்று, ஆக்சிஜனைச் சுமந்து போகிறவனே வழியில் அதைத் தின்னக் கூடாது. சிவப்பணு தனக்கு வேண்டிய ஆற்றலை ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸை உடைத்தே எடுத்துக்கொள்கிறது. இரண்டு, மைட்டோகாண்ட்ரியா ஓடும்போது வீரியமான ஆக்சிஜன் வேதிப்பொருட்கள் கசியும். பக்கத்திலேயே இவ்வளவு இரும்பை வைத்துக்கொண்டு அது ஆபத்து. மூன்று, தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்களிலும் மண்ணீரலின் இடுக்குகளிலும் நெளிந்து போக வேண்டும். உள்ளே சாமான் இருந்தால் நெளிய முடியாது.

அப்படியானால் முதலிலேயே அது இல்லாமல் செய்துவிடலாமே? முடியாது. ஹீமோகுளோபினில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஹீம் என்ற பகுதியைத் தயாரிக்க எட்டுப் படிகள். முதல் படி மைட்டோகாண்ட்ரியாவுக்குள். நடுவில் நான்கு படிகள் வெளியே. கடைசி மூன்றும் மறுபடி உள்ளே. இரும்பைப் பொருத்துவது கடைசிப் படி. ஆக, மைட்டோகாண்ட்ரியா இல்லாமல் ஹீம் இல்லை. ஹீம் வேலை முடிந்த பிறகு மைட்டோகாண்ட்ரியா இருக்கவும் கூடாது.

அப்பா ரிட்டயர்டு ஓவர்சீயர். நான் இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இது சென்ட்ரிங் பிரிக்கிற கணக்குடா. கான்கிரீட் போடறதுக்கு சென்ட்ரிங் வேணும். சீக்கிரம் பிரிச்சா தளம் உக்காந்துரும். பிரிக்காமலே விட்டா ரூமுக்குள்ள நீ குடியிருக்க முடியாது. எந்த நாள்ல பிரிக்கணும்னு தெரிஞ்சவன்தான் மேஸ்திரி."

நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. கேள்வி இதுதான்: செல்லுக்குள் அந்த மேஸ்திரி யார்?

ஐந்து நாள் ஃப்ரிட்ஜில் இருந்த சாம்பிள்

கதையை பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் 1949இல் தொடங்க வேண்டும். கிறிஸ்டியான் டி டூவ் அங்கே இன்சுலின் கல்லீரலில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக ஆசிட் ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதியையும் அளந்தார். அது எதிர்பார்த்த அளவில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. சாம்பிளை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து மறுபடி அளந்தார்கள். இப்போது முழு அளவும் வந்தது.

நம் தொழிலில் இப்படி நடந்தால் "மறுபடி ஓட்டினேன், சரியாகிவிட்டது" என்று டிக்கெட்டை மூடிவிட்டுப் போவோம். டி டூவ் மூடவில்லை. நொதி ஏதோ ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்கிறது, ஃப்ரிட்ஜில் இருந்த நாட்களில் பை கிழிந்து வெளியே வந்திருக்கிறது என்று ஊகித்தார். இன்சுலினை விட்டுவிட்டு அந்தப் பையின் பின்னால் போனார். 1955இல் அதற்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். செரிக்கும் நொதிகள் நிறைந்த பை. 1974இல் நோபல் பரிசு.

பை கிடைத்தது. அது எதைச் செரிக்கிறது? 1957இல் சாம் கிளார்க் என்பவர் பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் சிறுநீரக செல்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சில பைகளுக்குள் மைட்டோகாண்ட்ரியா கிடந்தது. 1962இல் ஆஷ்ஃபோர்டும் கீத் போர்ட்டரும் எலிகளுக்கு குளுக்ககான் கொடுத்துக் கல்லீரலைப் பார்த்தார்கள். அங்கேயும் லைசோசோமுக்குள் பாதி கரைந்த மைட்டோகாண்ட்ரியா. செல் தன் உறுப்பைத் தானே தின்கிறது. 1963இல் லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் டி டூவ் இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் 'தன்னைத் தானே உண்ணுதல்'.

பெயர் வந்துவிட்டது. படங்கள் இருந்தன. ஆனால் யார் இதைத் தொடங்கி வைக்கிறார்கள், எதைத் தின்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று தெரியாமல் முப்பது வருஷம் ஓடியது. லாக் ஃபைல் இருக்கிறது, சோர்ஸ் கோடு இல்லை என்கிற நிலைமை.

கிழக்கு பெர்லினில் ஒரு விடை

இந்த இடைவெளியில்தான் எனக்குப் பிடித்த மனிதர் ஒருவர் வருகிறார். சாமுவேல் மிட்யா ரப்போபோர்ட். 1912இல் பிறந்து வியன்னாவில் வளர்ந்த யூதர். 1937இல் அமெரிக்காவின் சின்சினாட்டிக்குப் போனார். ஆஸ்திரியா நாஜிகள் கையில் விழுந்ததால் திரும்பிப் போக வழியில்லை. இரண்டாம் உலகப் போரில் சேமித்து வைக்கும் ரத்தம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது என்பது ராணுவத்துக்குப் பெரிய தலைவலி. அதை மூன்று வாரமாக நீட்டிய ஆய்வுகளில் ரப்போபோர்ட்டுக்குப் பெரிய பங்கு. அதற்காக அதிபர் ட்ரூமன் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்.

அடுத்த சில வருஷத்தில் அதே நாடு அவரைக் கம்யூனிஸ்ட் என்று விசாரிக்க ஆரம்பித்தது. அவர் கம்யூனிஸ்ட்தான், மறைக்கவும் இல்லை. 1950இல் அமெரிக்காவை விட்டார். வியன்னாவில் வேலை கிடைக்கவில்லை. 1952இல் கிழக்கு பெர்லினின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையைக் கட்டத் தொடங்கினார்.

அவருடைய மனைவி இங்கெபோர்க் குழந்தை மருத்துவர். தாய் யூதர் என்பதால் 1938இல் ஹாம்பர்க்கில் அவருடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டை நாஜி அரசு ஏற்கவில்லை. 77 வருஷம் கழித்து, 2015இல், தன் 102ஆம் வயதில் வாய்மொழித் தேர்வு எழுதி அந்தப் பட்டத்தை வாங்கினார். இது நம் கதைக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் சொல்கிறேன்.

கிழக்கு பெர்லினில் ரப்போபோர்ட் குழு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ரெடிகுலோசைட்டில் மைட்டோகாண்ட்ரியா எப்படி மறைகிறது? முயல்களைச் செயற்கையாக ரத்தசோகைக்கு ஆளாக்கினால் மஜ்ஜை அவசரமாக ரெடிகுலோசைட்களை வெளியே அனுப்பும். அந்த ரத்தத்தை வைத்து ஆராய்ந்தார்கள். 1975இல் ஒரு நொதியைக் கண்டதாக அறிவித்தார்கள்: லிப்பாக்சிஜனேஸ். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் உள்ள கொழுப்பைத் தாக்கி ஓட்டை போடும் நொதி. ஓட்டை விழுந்த பிறகு உள்ளே இருப்பதெல்லாம் கரைந்துவிடும் என்பது அவர்கள் விளக்கம்.

அழகான விடை. ஆனால் முழு விடை இல்லை. பின்னாளில் இந்த நொதிக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை பெரிய ரத்தக் கோளாறு எதுவும் இல்லாமல் வளர்ந்தன. லிப்பாக்சிஜனேஸ் உதவிக்கு வரும் ஆள்தான், மேஸ்திரி இல்லை.

அதே முயல் ரெடிகுலோசைட்டை வைத்து அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் ஹெர்ஷ்கோவும் சீகனோவரும், அமெரிக்காவில் இர்வின் ரோஸும், ஒரு செல் தனக்கு வேண்டாத புரதங்களை எப்படி அழிக்கிறது என்று தேடினார்கள். ஏன் ரெடிகுலோசைட்? தன் சாமான்களைத் தானே அழித்து முடிக்கும் செல் அதைவிட வேறு எது? 1978இல் தொடங்கிய அந்த வேலையில்தான் யூபிக்விடின் என்ற சின்னப் புரதத்தின் பங்கு தெரியவந்தது. அழிக்க வேண்டியதன் மேல் ஒட்டும் சீட்டு அது. 2004இல் மூவருக்கும் நோபல். இந்தச் சீட்டு நம் கதைக்குள் மறுபடி வரும்.

ஈஸ்டில் கிடைத்த சாவி

1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யோஷினோரி ஓசுமி தனக்கென்று ஒரு சிறு ஆய்வகம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயசு 43. என் வயசு. அதுவரை பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. போட்டி பிடிக்காது என்பதால் யாரும் சீண்டாத ஒன்றை எடுத்தார்: ஈஸ்ட் செல்லின் வேக்கியோல். நம் லைசோசோமுக்கு ஈஸ்டில் உள்ள ஜோடி. அன்று அதை வெறும் குப்பைத்தொட்டி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அவர் செய்த சோதனை ரொம்ப எளிமை. வேக்கியோலுக்குள் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டை எடுத்துப் பட்டினி போட்டார். குப்பை உள்ளே வரும், ஆனால் கரையாது. அப்படியானால் சேர வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும். சில மணி நேரத்தில் சாதாரண நுண்ணோக்கியிலேயே வேக்கியோலுக்குள் உருண்டை உருண்டையாகக் குதித்துக்கொண்டிருந்தன. செல்லின் உள்பாகங்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்த பொட்டலங்கள்.

பிழை திருத்துகிறவர்களுக்கு இந்த முறை தெரியும். வரிசையின் கடைசிக் கட்டத்தை நிறுத்திவிட்டு, முன்னால் என்ன குவிகிறது என்று பார்ப்பது. அடுத்து, பட்டினி போட்டும் உருண்டை குவியாத பழுதான ஈஸ்ட்களைத் தேடினார். 1993இல் இந்த வேலைக்கு அவசியமான 15 மரபணுக்களின் பட்டியலை வெளியிட்டார். சோர்ஸ் கோடு கிடைத்துவிட்டது. அதே மரபணுக்களின் உறவினர்கள் மனிதரிலும் இருந்தன. 2016இல் மருத்துவ நோபல் அவர் ஒருவருக்கே.

மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைத்து நடக்கும் ஆட்டோஃபேஜிக்கு மைட்டோஃபேஜி என்ற பெயர் 2005இல் ஜான் லெமாஸ்டர்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவியது.

பழுதானதும், வேலை முடிந்ததும்

இங்கிருந்து கதை இரண்டாகப் பிரிகிறது.

முதல் கிளை, பழுதான மைட்டோகாண்ட்ரியா. 1998இல் ஜப்பானில், இளம் வயதிலேயே பார்க்கின்சன் நடுக்க நோய் வரும் குடும்பங்களில் பார்கின் என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். 2004இல் பிங்க்-1 என்ற இன்னொன்று. இவை என்ன செய்கின்றன? 2008இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ரிச்சர்ட் யூலின் குழு விடை தரத் தொடங்கியது. நல்ல மைட்டோகாண்ட்ரியா பிங்க்-1 புரதத்தை உள்ளே இழுத்து உடனுக்குடன் அழித்துவிடும். மின்னழுத்தம் போன மைட்டோகாண்ட்ரியாவால் இழுக்க முடியாது. அதனால் பிங்க்-1 வெளியே குவியும். குவிந்த இடத்துக்கு பார்கின் ஓடி வந்து, அந்த மைட்டோகாண்ட்ரியா முழுக்க யூபிக்விடின் சீட்டு ஒட்டும். சீட்டைப் பார்த்ததும் ஆட்டோஃபேஜி பை சுற்றி வளைக்கும். முயல் ரெடிகுலோசைட்டில் கிடைத்த சீட்டுதான் இது.

பழுதானதை அடையாளம் காண இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் எந்த சர்வர் கண்காணிப்பிலும் பார்த்ததில்லை. 'நான் நலம்' என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டாம். வேலை செய்துகொண்டிருந்தாலே போதும். வேலை நின்றால் எச்சரிக்கை தானாக எழும்.

இரண்டாவது கிளை, பழுதே ஆகாத மைட்டோகாண்ட்ரியா. ரெடிகுலோசைட்டில் இருப்பவை பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளவை. வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான் குற்றம். பார்கின் பழுதான நோயாளிகளுக்கு வருவது நடுக்கம், ரத்தசோகை இல்லை. ஆகவே இங்கே மேஸ்திரி வேறு ஆள்.

அந்த ஆள் நிக்ஸ் என்ற புரதம். செல்லைச் சாகடிக்கும் புரதக் குடும்பத்தில் பிறந்தது. 2007இல் இரண்டு குழுக்கள் நிக்ஸ் இல்லாத சுண்டெலிகளைப் பற்றி எழுதின. இரண்டு குழுவும் ரத்தசோகையைப் பார்த்தன. ஜெரால்ட் டார்னின் குழு, செல் சாவு குறைந்ததால் முதிராத ரத்த செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன என்று விளக்கியது. மெம்ஃபிஸ் நகரில் பால் நேயின் குழு சிவப்பணுவுக்குள் எட்டிப் பார்த்தது. அங்கே மைட்டோகாண்ட்ரியா போகாமல் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு ஜின் வாங்கின் குழுவும் அதையே கண்டது: சுற்றி வளைக்க வேண்டிய பை உருவாகிறது, ஆனால் மைட்டோகாண்ட்ரியா அதற்குள் போவதில்லை. 2010இல் காரணம் தெரிந்தது. நிக்ஸ் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் நின்றுகொண்டு, ஆட்டோஃபேஜி பையின் புரதத்தை நேராகக் கைப்பிடித்து இழுக்கிறது. சீட்டு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதுவும் சிவப்பணு முதிரும் கடைசிக் கட்டத்தில்தான் நிக்ஸ் அதிகமாக உற்பத்தியாகிறது. எந்த நாளில் பிரிக்க வேண்டும் என்று தெரிந்த மேஸ்திரி.

அதே 2010இல் ஆக்ஸ்ஃபோர்டில் கத்யா சைமனின் குழு, ஓசுமியின் பட்டியலில் இருந்த ஒரு மரபணுவின் பாலூட்டி வடிவத்தை ரத்த செல்களில் மட்டும் நீக்கிப் பார்த்தது. அந்தச் சுண்டெலிகளுக்குக் கடுமையான ரத்தசோகை. சிவப்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியா. ஈஸ்டில் தொடங்கிய கோடு ரத்தத்தில் வந்து முடிந்தது.

மனிதரில் என்ன? அரிவாள் செல் நோயாளிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களிலும் மைட்டோகாண்ட்ரியா மிஞ்சியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் அரிவாள் செல் மரபணுவை முதலில் பதிவு செய்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல், ஹெர்மன் லேமன் குழு. 2021இல் லூபஸ் நோயாளிகள் சிலரிடமும் இதைப் பார்த்தார்கள். லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய். மைட்டோகாண்ட்ரியா சுமார் 150 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியா. 1967இல் லின் மார்குலிஸ் விரிவாக வாதிட்டு, கேலிக்கு ஆளாகி, பின்னால் எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து இது. அதன் டி.என்.ஏ. இன்னும் பாக்டீரியா ஜாடையில்தான் இருக்கிறது. மிஞ்சிய மைட்டோகாண்ட்ரியாவோடு கிழட்டுச் சிவப்பணுவை மேக்ரோஃபேஜ் விழுங்கும்போது, அந்த டி.என்.ஏ.வைப் பார்த்து 'கிருமி வந்துவிட்டது' என்று உடம்பு மணி அடிக்கிறது. பிரிக்காத சென்ட்ரிங் வீட்டுக்கே வினையாகிறது.

தாய்ச்செல்லின் சிக்கனம்

சிவப்பணு கடைசி முனை என்றால், தொடக்கம் ஸ்டெம் செல். எல்லா ரத்த செல்களையும் பெற்றெடுக்கும் தாய்ச்செல். மஜ்ஜையில் ஆக்சிஜன் குறைந்த மூலைகளில், பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். எழுந்து ஓடினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

2016இல் கெய்சுகே இட்டோவின் குழு, இந்தத் தாய்ச்செல்கள் தங்களைப் போலவே இன்னொன்றைப் பெற மைட்டோகாண்ட்ரியாவை அகற்றுவது அவசியம் என்று காட்டியது. இங்கே பிங்க்-1, பார்கின் இரண்டும் தேவைப்பட்டன. 2017இல் எம்மானுவேல் பஸேகேவின் குழு வயசான சுண்டெலிகளைப் பார்த்தது. கிழட்டுத் தாய்ச்செல்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஆட்டோஃபேஜியைத் தீவிரமாக நடத்திக்கொண்டிருந்தது. அந்த மூன்றில் ஒரு பங்குதான் இளம் செல்கள் போல நடந்துகொண்டது. மற்றவை மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்த்து வைத்து, அதிகமாக ஓடி, ரத்தம் உண்டாக்கும் திறனை இழந்திருந்தன.

ஆக ரத்தத்தின் இரு முனையிலும் ஒரே வேலை. தாய்ச்செல் நிதானமாக இருக்க மைட்டோகாண்ட்ரியாவைக் குறைத்துக்கொள்கிறது. பேரப்பிள்ளை தன் கடமையைச் செய்ய அதை முழுசாக இழக்கிறது.

அப்பாவின் மஜ்ஜை

மறுபடி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ரிங் சிடரோபிளாஸ்ட் என்றால் என்ன? மஜ்ஜையை பிரஷ்யன் நீலச் சாயத்தில் தோய்த்தால் இரும்பு இருக்கும் இடம் நீலமாகும். நோயாளியின் முதிராத சிவப்பணுவில் உட்கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் மாலை போட்டது போல நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் இரும்பு அடைத்த ஒரு மைட்டோகாண்ட்ரியா.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு வந்த வகையில் மூல காரணம் மைட்டோஃபேஜி இல்லை. 2011இல் தெரியவந்தபடி, இந்த வகை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எஸ்.எஃப்.3.பி.1 என்ற மரபணுவில் பிறந்த பிறகு வந்த பழுது. செல் தன் மரபுச் செய்தியை வெட்டி ஒட்டும் இடத்தில் தவறு. அதனால் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பைக் கையாளும் புரதம் ஒன்று சரியாக உருவாவதில்லை. இரும்பு உள்ளே போய்க் குவிகிறது. பல செல்கள் சிவப்பணு ஆகாமலேயே மஜ்ஜைக்குள் சாகின்றன. சென்ட்ரிங் பிரிக்கும் நாள் வரும்வரை அந்தக் கட்டடம் நிற்பதே இல்லை. நான் மைட்டோஃபேஜியைத் தேடிப் போனது ஒரு வகையில் தவறான கதவைத் தட்டியதுதான். ஆனால் அந்தக் கதவு வழியாகத்தான் வீடு முழுக்கப் புரிந்தது.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை அப்பாவுக்கு ரத்தம் ஏற்றுகிறோம். ஒரு பையில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு. உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றுவது ஒன்றிரண்டு மில்லிகிராம். அதனால் இரும்பை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறார். இரும்பு சேர்க்க மாத்திரை சாப்பிட்ட அதே மனிதர்.

போன தடவை ஸ்டாண்டில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உறையாமல் காக்கும் கரைசலின் பெயர், நிரப்பிய தேதி, காலாவதி தேதி. இரண்டுக்கும் நடுவே 35 நாள். அந்த 35 நாளுக்குப் பின்னால், ஒரு வாரத்தை மூன்று வாரமாக்கப் பாடுபட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பிறகு நாடு விட்டு நாடு போய், முயல் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியா எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "சான்றிதழும் குடுத்து தொரத்தியும் விட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல ஒரு நாள் உட்கார்ந்தேன். நிக்ஸ், பார்கின் எதுவும் இல்லை. ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, சுற்றி நீலப் பேனாவில் புள்ளி வைத்தேன். "இரும்பு குறையலம்மா. இங்க வந்து மாட்டிக்கிச்சு. நீங்க இன்னும் பத்து மடங்கு கீரை போட்டிருந்தாலும் இங்கதான் வந்து உக்காந்திருக்கும்."

அம்மா அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ நான் பண்ணதுல தப்பில்லையா?"

"இல்லம்மா."

காகிதத்தை மடித்து, அப்பாவின் மருந்துச்சீட்டு ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். மூன்று வருஷத் தேடலில் நான் எழுதிய எத்தனையோ குறிப்புகளில், வீட்டில் பயன்பட்டது அந்த ஒரு படம்தான்.